கட்டடம் முழுவதும் எண்ணெய்க் குழாய் பதிப்பதற்கு முன்: கட்டடக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கட்டடக் குழு உறுப்பினர்களுக்கும் திட்டப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான்கு தளங்களிலும் சுவரிலும் தூணிலும் நிலையாகப் பொருத்தப்படும் 60 எண்ணெய் விளக்குகளாலேயே கட்டடத்துக்கு ஒளியூட்டுவது என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த விளக்குகளுக்கு எண்ணெய் வழங்குவதற்கான வரைபடத்தையும் அதனுடன் இணைந்த குறிப்புகளையும் படித்தேன். மொட்டைமாடியில் 200 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று, அதிலிருந்து சுவருக்குள்ளாக இறங்கும் தாய்க்குழாய், தளந்தோறும் கிளைக்குழாய்கள், ஒவ்வொரு விளக்கின் அருகிலும் கையால் திருகும் வால்வு என்பதே திட்டத்தின் சாரம். எண்ணெய் விளக்குதான் வேண்டுமா என்ற விவாதத்தை நான் மீண்டும் கிளப்பப் போவதில்லை; அது முடிந்துபோன விஷயம். விளக்கு வரை எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். அந்த வழியை இப்போதுள்ள வடிவில் நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதே இம்மடலின் நோக்கம்.

இத்தகைய எந்த அமைப்பையும் எடைபோட நான் கைக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. ஓர் இடத்தில் பழுது ஏற்பட்டு, அதை யாரும் உடனே கவனிக்காவிட்டால், அந்த இடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு எண்ணெய் வந்து சேர முடியும்? தனித்தனியே நிரப்பப்படும் விளக்கு கவிழ்ந்தால் வெளியேறக்கூடியது அதன் குடுவையில் இருக்கும் கால் லிட்டரோ அரை லிட்டரோதான். உங்கள் வரைபடப்படி, தரைத்தளத்தில் ஒரு வால்வு பழுதானாலும், இணைப்பு ஒன்று விட்டுப்போனாலும், வெளியேறக்கூடியது தொட்டியில் மிச்சமிருக்கும் எண்ணெய் முழுவதும். வழவழப்பான தரையில் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் பரவினால் ஒரு சதுர மீட்டரை மூடும். 200 லிட்டர் என்பது, அந்தக் கணக்கில், ஒரு பெரிய கூடத்தின் தரை முழுவதும்.

உயரத்தின் விளைவையும் திட்டக்குறிப்பு கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தொட்டிக்கும் தரைத்தள விளக்குக்கும் இடையே 12 மீட்டர் உயரம் இருப்பதாகக் கொண்டால், மண்ணெண்ணெயின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.8 கிலோ என்பதால், கீழே நிற்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தை நெருங்கும். அந்த அழுத்தத்தில் மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை நிமிடத்துக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் எண்ணெயை வெளியே பீய்ச்சும். இரவில் பூட்டிக் கிடக்கும் ஒரு கூடத்தில் இது நிகழ்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தொட்டி காலியாகிவிடும். அதே வால்வு மேல்தள விளக்கில் மிக மெதுவாகச் சொட்டும். கீழ்த்தள விளக்கில் சற்றுத் திறந்தாலே குடுவை நிரம்பி வழியும். ஒரே மாதிரியான 60 வால்வுகளை வெவ்வேறு உயரங்களில் பொருத்திவிட்டு அவை ஒரே விதமாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

குழுவின் விவாதங்களில், நெருப்பு குழாய் வழியே பின்னோக்கி ஓடித் தொட்டியை எட்டிவிடுமோ என்ற அச்சமே அதிகம் பேசப்பட்டதாக அறிகிறேன். முழுவதும் எண்ணெயால் நிரம்பிய குழாய்க்குள் நெருப்பு ஓடாது. எரிவதற்குக் காற்று வேண்டும், அங்கே காற்று இல்லை. பாதி காலியான தொட்டியின் மேல்பகுதியில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் இடம்தான் அந்த வகையில் கவலைக்குரியது. அதையும் விடப் பெரிய ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: எண்ணெய்தான் நெருப்பைத் தேடிப் போகும். எரியும் விளக்கின் அருகே இணைப்பு இளகினால், மேலே உள்ள தொட்டி அந்த நெருப்புக்கு இடைவிடாமல் எண்ணெய் ஊட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, குறிப்பு முழுவதிலும் ‘எண்ணெய்’ என்று மட்டுமே இருக்கிறது. எந்த எண்ணெய் என்று எங்கும் இல்லை. இதை முடிவு செய்யாமல் குழாயின் விட்டத்தையோ தொட்டியின் இடத்தையோ யாரும் வரைந்திருக்க முடியாது என்பதால், இது எனக்கு வியப்பளித்தது. மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது அதன் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி ஒரு தீப்பொறிபட்டால் பற்றிக்கொள்ளும் நிலை, பொதுவாக 38 பாகை செல்சியஸை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். வெயிலில் நிற்கும் உலோகத் தொட்டி அந்த வெப்பநிலையைத் தாண்டுவது அரிதல்ல. அப்படிப் பார்த்தால், மண்ணெண்ணெயை வைக்கக்கூடிய இடங்களிலேயே மிக மோசமானது மொட்டைமாடிதான். 200 லிட்டர் மண்ணெண்ணெய் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ நான்கு லிட்டர் அளவுக்கு விரிவடையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நிரப்பிய தொட்டி நண்பகலில் வழியும். இரு பக்கமும் வால்வு மூடப்பட்ட குழாய்த்துண்டுக்குள் சிக்கிய எண்ணெய்க்கு வழியவும் இடமில்லாததால், அது இணைப்புகளைத்தான் நெருக்கும்.

தாவர எண்ணெய்களின் தீப்பற்று வெப்பநிலை 300 பாகைக்கு அருகிலோ அதற்கு மேலோ இருப்பதால் அவை எவ்வளவோ பாதுகாப்பானவை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு, எண்ணெய் திறந்த பரப்பாகக் கிடக்கும்போது மட்டுமே. சிந்திய எண்ணெயைத் திரைச்சீலையோ விரிப்போ உறிஞ்சிக்கொண்டால், அந்தத் துணியே திரியாகிவிடும். விளக்கில் திரி செய்யும் வேலையை அது தரையில் செய்யும். மேலும் இவ்வெண்ணெய்களின் பிசுபிசுப்பு மண்ணெண்ணெயைவிட 20 மடங்குக்கும் அதிகம். குளிரில் மெல்லிய குழாயில் நகரவே மறுக்கும். காற்றோடு வினைபுரிந்து காலப்போக்கில் பிசினாகித் துளைகளை அடைக்கும். செப்புக் குழாய் அந்த வினையை இன்னும் விரைவுபடுத்தும். ஆகவே, செப்புக் குழாய் என்று வரைபடத்தில் குறித்துவிட்டுத் தாவர எண்ணெய் வாங்குவதும், தொட்டியை வெயிலில் வைத்துவிட்டு மண்ணெண்ணெய் வாங்குவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத தவறுகள்.

குழாய் வழி விளக்கு என்பது புதிய கனவல்ல. அது கடந்து வந்த பாதை நமக்குப் பயன்படும் என்பதால் சிறிது சொல்கிறேன். 1792இல் வில்லியம் மர்டாக் தம் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளியூட்டினார். 1812இல் லண்டனில் வாயு வழங்கும் நிறுவனத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. ஒரே இடத்திலிருந்து கட்டடம் முழுவதற்கும் எரிபொருளைக் குழாயில் அனுப்பும் வழக்கம் பரவியது இந்த வாயுவால்தான். வாயுவும் ஆபத்தானதே, ஆயினும் அது விளக்கு இருக்கும் உயரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், மிகக் குறைந்த அழுத்தத்தில் எல்லாத் தளங்களுக்கும் ஏறத்தாழ ஒரே சீராகப் போய்ச்சேரும். எண்ணெயின் எடை அதை அனுமதிப்பதில்லை. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் வாயுவோ மின்சாரமோ எட்டாத கிராமப்புற வீடுகளில், கைப்பம்பால் காற்றழுத்தம் ஏற்றிய மூடிய தொட்டியிலிருந்து பெட்ரோலை மெல்லிய செப்புக் குழாய்களில் அறைதோறும் மேண்டில் (வலையுறை) விளக்குகளுக்கு அனுப்பிய அமைப்புகள் உண்மையிலேயே விற்பனையில் இருந்தன. ஆகவே ‘முடியாது’ என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே குழாயின் உள்துளை மிக நுண்ணியது. விளக்கு எரிந்தது திரியால் அல்ல, சூட்டில் ஆவியாகி வலையுறைக்குள் எரியும் எரிபொருளால். அந்த ஏற்பாட்டைத் திரி விளக்குக்கு அப்படியே பெயர்த்து வைக்க இயலாது.

திரி விளக்கின் தேவை வேறு. அதற்கு அழுத்தம் வேண்டாம். எண்ணெய் மட்டம் மாறாமல் இருப்பதுதான் வேண்டும். மட்டம் மிகத் தாழ்ந்தால் திரி கருகும். எரிமுனைக்கு மேல் ஏறினால் எண்ணெய் எரிந்தபடியே வழியும். பிசுபிசுப்பான தாவர எண்ணெய் திரியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கே தேவையான அளவில் ஏறும் என்பதால், பழைய விளக்கு வல்லுநர்களின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒன்றிலேயே செலவானது. 1780இல் ஆர்கண்ட் வடிவமைத்த குழல்திரி விளக்கில், பக்கவாட்டில் தலைகீழாக நின்ற எண்ணெய்க் கலன், மட்டம் தாழும்போது மட்டும் காற்றை உள்ளே வாங்கி அந்த அளவுக்கே எண்ணெயை வெளியே விட்டது. அழகான ஏற்பாடுதான், ஆனால் பாதி காலியான கலனுக்குள் இருக்கும் காற்று சூடானால் விரிந்து எண்ணெயை வெளியே தள்ளிவிடும். கலனின் மேல்பகுதியில் ஊசித்துளை விழுந்தாலும் உள்ளிருப்பது முழுவதும் இறங்கிவிடும். 1800இல் கார்செல் எண்ணெயை விளக்கின் அடியில் வைத்துக் கடிகாரப் பொறியால் மேலேற்றினார். பொறி நின்றால் விளக்கு மங்கிப்போகும், அவ்வளவுதான். வழிந்து ஓட மேலே எண்ணெய் இல்லை. பழுதாகும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், கார்செலின் விளக்கு உங்கள் வரைபடத்தைவிட நிதானமானது.

குழாயில் வரும் எண்ணெயின் மட்டத்தை நிலைநிறுத்த மிதவை வால்வு போதாதா என்று பொறியாளர்கள் கேட்கலாம். எண்ணெய் அடுப்புகளில் அது நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. நல்ல வால்வுகளில் இரண்டு மிதவைகள் இருக்கும். முதலாவது மட்டத்தைக் காக்கும். அதன் ஊசிமுனையில் தூசு சிக்கி மூடாமல் போனால், உயரும் எண்ணெய் இரண்டாவதைத் தூக்கி உள்வழியை அடைத்துவிடும். ஒருவர் வந்து கையால் மீட்டமைக்கும்வரை அது திறக்காது. ஆனால் உங்கள் குறிப்பில் இருப்பது மிதவையே அல்ல, கையால் திருகும் வால்வு. மாலையில் ஒருவர் திறந்துவிட்டு இன்னொரு வேலைக்குப் போய்விட்டால் அதை மூடுவதற்கு வேறு எதுவும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நிரப்புவதற்கு அது கொடுக்கும் வசதி அதைவிட மோசமானது. எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்பது விளக்கு வேலையின் முதல் விதி. அந்த விதியை மீறுவதற்கென்றே ஒரு திருகு வைத்த மாதிரி இருக்கிறது இது.

இவ்வளவு சிக்கலும் எதற்காக என்று பார்த்தால் கணக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. நடுத்தரத் தட்டைத் திரியுள்ள மண்ணெண்ணெய் விளக்கு மணிக்குச் சுமார் 20 மில்லிலிட்டர் எரிக்கும். இரவுக்கு ஆறு மணி நேரம் என்று கொண்டால் ஒரு விளக்குக்கு 120 மில்லிலிட்டர். 60 விளக்குகளுக்கும் சேர்த்து ஏழு லிட்டருக்குச் சற்று மேல். ஒருவர் ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய அளவு இது. அந்த ஏழு லிட்டரைக் கொண்டுசேர்க்க, ஏறத்தாழ நான்கு வாரத் தேவையைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்து, சுவர்களுக்குள் நூற்றுக்கணக்கான இணைப்புகளைப் புதைக்கப் போகிறோம். குழாயால் மிச்சமாகும் உழைப்பும் சிறிதுதான். திரி கத்தரிப்பதும், சிம்னி துடைப்பதும், கசடு பார்ப்பதும் எப்படியும் ஒவ்வொரு விளக்கிடமும் ஆள் போய்ச் செய்ய வேண்டியவை. அப்படிப் போகும் ஆள் கையோடு நிரம்பிய குடுவையைக் கொண்டுபோகலாம்.

ஆகவே நான் முன்வைக்கும் மாற்று எளியது. நிலையாக இருக்க வேண்டியது தாங்கியும் கண்ணாடிக் கூண்டும் புகைக்கவிகையும்தான். எண்ணெய்க் குடுவை கழற்றிக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும். ரயில் நிலையங்களிலும் பெரிய மாளிகைகளிலும் விளக்கறை என்று ஒரு தனி அறை இருந்தது இதற்காகவே. பகலில் குடுவைகள் அங்கே வந்து சேரும். ஆறிய நிலையில் துடைத்து, நிரப்பி, திரி சரிசெய்து மீண்டும் அனுப்பப்படும். நமக்கும் தரைத்தளத்தில், கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி, வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் கதவுடன் அப்படி ஓர் அறை வேண்டும். தரை எண்ணெயை உறிஞ்சாததாக இருக்க வேண்டும். வாசலில், உள்ளே சிந்துவது வெளியே ஓடாத அளவுக்கு உயர்ந்த படி கட்ட வேண்டும். தாழ்வாகவும் உயரமாகவும் காற்றுத்துளைகள் வேண்டும். சேமிப்புக் கலன் தரைமட்டத்தில், அது முழுவதும் கசிந்தாலும் கொள்ளக்கூடிய ஒரு தட்டுத்தொட்டிக்குள் நிற்கட்டும். எண்ணெயை எடுப்பது அடியிலுள்ள குழாய்த்திருகால் அல்லாமல் மேலிருந்து கைப்பம்பால் இருக்கட்டும். பம்பை நிறுத்தினால் ஓட்டமும் நிற்கும். பம்பை நிறுத்திய பிறகும் அதன் குழல் வடிகுழலாக (சைஃபன்) மாறித் தானாகவே எண்ணெயை இழுத்து ஊற்றிவிடாதிருக்க, அதன் உச்சியில் காற்று நுழையும் சிறு வால்வு போதும்.

குடுவைகளை இரு தொகுதிகளாக வைத்துக்கொண்டால், ஒன்று எரியும் நாளில் மற்றொன்று நிரப்பப்படும். அவசரத்துக்குச் சூடான குடுவையைத் தொட வேண்டிய தேவையே எழாது. விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிரப்பும் அளவைக் குறித்து, தாங்கியில் சரியாக அமர்ந்தால் மட்டும் பூட்டிக்கொள்ளும் கொக்கியும், தள்ளுவண்டியில் குடுவைகள் சாயாமல் நிற்கக் குழிவைத்த தட்டும் செய்துகொள்ளலாம். இவையெல்லாம் சாதாரணக் கொல்லுப் பட்டறையில் செய்யக்கூடியவை.

கை எட்டாத சில விளக்குகள் இருக்கின்றன என்பதை மறக்கவில்லை. மையக் கூடத்தின் உயர்ந்த கூரையிலிருந்து தொங்குபவற்றைக் கப்பியும் பல்சக்கரப் பூட்டும் கொண்டு கீழே இறக்கி நிரப்புவதே நல்லது. அதுவும் ஒவ்வாத மிகச் சில இடங்களுக்குக் குழாய் இன்றியமையாதது என்றால், அந்த இடங்களுக்கு மட்டும், பின்வருமாறு அமையுங்கள். சேமிப்பு கீழே, தளத்துக்கு ஒன்றாக, அன்றைய இரவின் தேவையைத் தாண்டாத சிறு நாள்தொட்டி, அதைக் கைப்பம்பால் பகலில் மட்டும் நிரப்புவது, மிஞ்சியது கீழே திரும்ப ஒரு வழிகுழாய். நாள்தொட்டியின் மட்டம் அந்தத் தள விளக்குகளின் மட்டத்துக்குச் சற்றே மேலிருந்தால் போதும். ஒவ்வொரு விளக்கிலும் இரட்டை மிதவை வால்வு. ஒவ்வொரு கிளையிலும், விளக்கின் மேலுள்ள உணர்முனை அளவுமீறிச் சூடானால் தானே மூடிக்கொள்ளும் தீ வால்வு வேண்டும். குழாய் எஃகாக இருக்கட்டும். வெள்ளீய-ஈயப் பற்றாசு 183 பாகையிலேயே உருகத் தொடங்கும் என்பதால், அதனால் ஒட்டிய இணைப்பு எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. இணைப்புகள் சுவருக்குள் புதையாமல் கண்ணுக்குத் தெரியட்டும். காற்று சிக்காதிருக்கக் குழாய் முழுவதும் ஒரே திசையில் சரிந்து, தாழ்ந்த முனையில் தண்ணீரும் கசடும் வடிக்கும் திருகோடு முடியட்டும். விளக்குகளை அணைத்தபின் குழாயிலுள்ள எண்ணெய் கீழே வடிந்துவிட வேண்டும்; ஆளில்லாத கட்டடத்தில் குழாய் வெறுமையாகவே இருக்கட்டும்.

இன்னும் சில. வாங்கும் மண்ணெண்ணெயைத் தீப்பற்று வெப்பநிலை சோதிக்காமல் கலனில் ஊற்றக் கூடாது. சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் அது அபாயகரமாகக் குறைந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் விளக்குகள் வெடித்த கதைகளுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் இந்தக் கலப்புதான். பிரிட்டனில் 1879இல், தீப்பற்று வெப்பநிலையை அளக்க வேதியியலாளர் ஏபல் வகுத்த மூடிய கலன் சோதனை சட்டத்தில் இடம்பெற்றதும் அதனால்தான். எண்ணெய் துடைத்த துணிகளை, குறிப்பாக ஆளிவிதை எண்ணெய் போன்று காற்றில் உலரும் எண்ணெய்கள் பட்டவற்றை, குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும்; மூடியுள்ள உலோகக் கூடையில் போட்டு அன்றாடம் வெளியேற்ற வேண்டும். தளந்தோறும் நுரை அல்லது உலர்பொடித் தீயணைப்பான் வேண்டும், எரியும் எண்ணெய்மீது தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அங்கேயே எழுதியும் வைக்க வேண்டும். 60 விளக்குகள் ஒருங்கே எரிந்தால் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 12 கிலோவாட் என்பதால், காற்றோட்டக் கணக்கை விளக்குக் கணக்கோடு சேர்த்தே போட வேண்டியிருக்கும். அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

குழுவிடம் நான் கேட்பது இவ்வளவே. சுவரில் பள்ளம் வெட்டும் வேலையை நிறுத்திவையுங்கள். எரிபொருள் எதுவென்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு விளக்கின் அருகிலும், அங்கே பழுது நேர்ந்தால் வெளியேறக்கூடிய எண்ணெயின் அளவை லிட்டரில் குறிக்கும்படி பொறியாளரைக் கேளுங்கள். அந்த எண் ஒரு லிட்டரைத் தாண்டும் எந்த விளக்கையும் கழற்றும் குடுவை முறைக்கு மாற்றுங்கள். கழற்றும் குடுவையோடு கூடிய மாதிரித் தாங்கி ஒன்றை ஒரு தளத்தின் நடைவழியில் பொருத்தி, விளக்குகளை அன்றாடம் கவனிக்கப் போகிறவர்களையே கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்தியபின் மீதியைச் செய்விக்கலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துக்கொண்டால், கணக்குத் தாள்களுடன் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இக்கட்டடத்தின் பராமரிப்புப் பணியில் உள்ள ஒருவர்